முழவோன் கையும் பதிப்போன் கடனும்

இசையின்பத்தை விழையாதார் உலகில் மிகச் சிலரே. ஆயினும், இசை கேட்டு மகிழ்வோருள் முழவோனை நினைப்பார் யாவர்? பாடுவோன் குரலைப் பாராட்டுவர். நரம்புக் கருவி இயக்குவோன் விரலைப் புகழ்வர். பின்னே அமர்ந்து அனைவரையும் ஒருங்கு தாங்கிச் செல்வோனை, அவன் பிழைத்தபொழுதன்றி ஒருவரும் நினையார். இக்காலத்து மாணவர் இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசிப்போர் நிலையும் இதுவே. அவர் வாசிப்பை ஒலிப்பதிவு செய்யுங்கால் அவர்க்கு நேரும் தீங்கோ இதனினும் பெரிது. அத்தீங்கை யாமே நண்பர் ஒருவர்க்கு இழைத்தோம். பின்னர் உணர்ந்து திருந்தினோம். அதனால் எம் உள்ளத்தில் உறுதிப்பட்ட கருத்தொன்றனை நம் கல்லூரி அன்பர் முன் வைக்க விழைகின்றோம். அஃதாவது: நண்பர் வாசிப்பைப் பதிவு செய்வோன், திருத்த வேண்டுவனவற்றை வாசிப்பிற்கு முன்னரே திருத்துக, வாசித்த பின்னர் அவர் கையை மாற்றற்க என்பதே.

எம் விடுதியில் நண்பர் ஐவர் கூடி ஓர் இசைக்குழு நடத்தி வந்தனர். ஒருவர் பாடுவார், ஒருவர் கிதாரும், ஒருவர் பேஸ் கிதாரும், ஒருவர் கீபோர்டும், ஒருவர் டிரம்ஸும் வாசிப்பர். ஐவருள் மூவர் இறுதியாண்டு மாணவர். தேர்வு முடிந்தால் ஆளுக்கொரு திசையாய்ப் பிரிவர். பிரியுமுன், தாமே இயற்றிய பாடல் மூன்றனைப் பதிவு செய்து, ஆளுக்கொரு படி நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினர். ஸ்டூடியோவிற்குக் கொடுக்கக் கையிற் பொருளில்லை. எம்மிடம் ஒரு கணினி இருந்தது. ஒலிவாங்கிகளைக் கணினியோடு இணைக்கும் கருவியை இரவல் பெறும் வழியும் இருந்தது. ஆகலின் அப்பணி எம் தலையில் விழுந்தது. தமிழ் பயிலும் எமக்கு இத்துறையில் ஆசை மிகுதி, அறிவு குறைவு.

ஒலிவாங்கி பலவாயின் பதிவும் நன்றாகும் என்று எண்ணினோம். டிரம்ஸுக்கென்றே ஏழு மைக்குகளை இரவல் பெற்று, கிக்கிற்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, டாம் மூன்றற்கும் மூன்று, சிம்பல்களுக்கு மேலே இரண்டு என நிறுத்தினோம். இடம் விடுதியின் பொது அறை. சிமிட்டித் தரை, வெறுஞ்சுவர். முழவுகளின் முகங்கள் சுருதியாய் இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தோமில்லை. காலந்தவறாதிருக்கும்பொருட்டு, ‘கிளிக்’ என்னும் தாளவோசையை ஹெட்ஃபோன் வழியே வாசிப்பவர் காதில் ஒலிக்கச் செய்தோம். ஒரே மாலையில் மூன்று பாடல்களும் முடிந்தன. எம் திறமையை யாமே வியந்துகொண்டோம்.

அன்றிரவு கேட்டபொழுது அவ்வியப்பு அடங்கியது. கிக், தகரப்பெட்டியைத் தட்டினாற்போல ஒலித்தது. ஸ்னேர், காகிதம் கிழிந்தாற்போல ஒலித்தது. அறையின் எதிரொலியோ அனைத்தையும் மூடியது. ஏழு மைக்குகளையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யின் ஓசை பெருகவேண்டியிருக்க, மாறாக மெலிந்தது. காரணம் அறியோமாய்க் கணினியே கதியெனக் கொண்டோம். இரண்டு இரவு கண்விழித்து, முன்பின்னாய் நின்ற ஒவ்வோரடியையும் பிடித்துக் கிளிக்கின் கட்டங்களுக்குள் நிறுத்தினோம். ஸ்னேரின் ஓசையை அறவே நீக்கி, எங்கோ எவரோ வாசித்த ஸ்னேரின் ஓசையை அவ்விடங்களில் எல்லாம் ஒட்டினோம். மெல்லடி வல்லடி என்ற வேறுபாடு ஒழிந்தது. எல்லாம் வல்லடியே ஆயின. கேட்பதற்கு விலைக்கு விற்கும் பாட்டுப் போலவே இருந்தது.

மூன்றாம் நாள் ஐவரையும் அழைத்துக் கேட்பித்தோம். நால்வர் கைகொட்டி மகிழ்ந்தனர். டிரம்ஸ் வாசித்த அண்ணன் மட்டும் வாளாவிருந்தார். சிறிது நேரங் கழித்து, “நன்றாயிருக்கிறது தம்பி, ஆனால், இதில் வாசிப்பவன் நானில்லையே. இதை வைத்துக்கொண்டு நான் எதை நினைப்பது?” என்றார். சினந்து கூறினாரல்லர்; ஆதலின் அச்சொல் எம்மை மிகவும் சுட்டது.

அதனினும் வியப்பானது ஒன்று அன்றே நிகழ்ந்தது. இரண்டாம் பாடலின் மூன்றாஞ் சரணத்தைக் கேட்டபொழுது பாடியவர் முகஞ்சுளித்து, “நான் இங்கே பிந்தி எடுத்துவிட்டேன். மறுபடியும் பாடித் தருகிறேன்” என்றார். எமக்கு ஐயம் எழுந்தது. முதலிற் பதிந்ததைத் தேடியெடுத்து ஒப்பிட்டுக் கேட்டோம். அதில் அவர் பிந்தியதாகத் தோன்றவே இல்லை. நடந்தது இதுதான்: அச்சரணத்திற்கு முன் அவர் நீண்ட மூச்சு வாங்குவது வழக்கம். பலநாட் பழகிய முழவு நண்பர் அதனை அறிந்து, அவர் எடுக்குமளவும் தம் அடியை ஒரு மயிரிழை தாழ்த்திக் காத்திருந்தார். காதில் கிளிக் ஒலித்துக்கொண்டிருக்கவும் அதற்குப் பணியாது தோழர்க்குப் பணிந்தார். யாமோ, அக்காத்தலைப் பிழையெனக் கருதி அடியை முன்னே இழுத்துவிட்டோம். அதனால் குற்றமற்ற பாடகர் குற்றவாளியானார். ஒருவர் வாசிப்பைத் திருத்தியதன் பயன் மற்றொருவர் வாசிப்பைக் கெடுத்ததேயாம். யாம் பிழையென்று துடைத்தது பிழையன்று, நட்பு.

நிற்க. ஒலிப்பதிவுப் பொறிக்கும் முழவிற்கும் உள்ள பிணக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மின்வழிப் பதிவு 1925-ஆம் ஆண்டில் வாணிகத்திற்கு வருமுன், இசைஞர் ஒரு பெரிய ஊதுகொம்பின் முன்னே நின்று வாசிக்க, அவ்வோசையின் வலியே மெழுகுத் தட்டில் ஊசியால் கோடு கீறிற்று. முழவின் பேரடி அவ்வூசியை நிலைபெயரச் செய்யும். ஆதலின் 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க நாட்டு இந்தியானா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் கிங் ஆலிவர் என்பாரின் ஜாஸ் குழுவினர் பாடல்களைப் பதிந்தபொழுது, அக்குழுவின் முழவோரான பேபி டாட்ஸ் என்பார் தம் பெருமுழவை விடுத்து மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்க நேர்ந்தது. அன்று பொறியின் இயலாமை முழவோனைப் புறத்தே நிறுத்தியது.

பின்னர் வந்த அறிஞர் அவனை உள்ளே அழைத்துவர முயன்றனர். 1966-ஆம் ஆண்டில் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழுவினரின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்னும் பாடலைப் பதிந்த இளைஞரான ஜெஃப் எமரிக், ரிங்கோ ஸ்டாரின் கிக்கினுள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து அதிர்வை அடக்கி, மைக்கை அதுகாறும் இருந்த வழக்கத்தினும் மிக அருகே கொணர்ந்தார். 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த லெட் செப்பலின் குழுவின் நான்காம் இசைத்தட்டிற்காக, ஆண்டி ஜான்ஸ் என்பார் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையில், மாடிப்படிக்கட்டின் அடியிலுள்ள கூடத்தில் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, இரண்டே மைக்குகளை மேலே உயரத்தினின்று தொங்கவிட்டார். ‘வென் த லெவி பிரேக்ஸ்’ என்னும் பாட்டின் முழக்கம் அங்ஙனம் பிறந்ததே. ஒருவர் அருகே சென்றார். ஒருவர் விலகிச் சென்றார். இடத்தையும், துணியையும், மைக்கையும் மாற்றினர். ஓசைக்கு மெருகும் ஊட்டினர். ஆயினும் ரிங்கோவின் கை ரிங்கோவின் கையாகவும், பானமின் கை பானமின் கையாகவும் இன்றும் இனங்காணக் கிடக்கின்றன.

இன்றைய நிலை வேறு. மெய்யான முழவுகளின் ஓசையைப் பதிந்துவைத்து வேண்டியபொழுது ஒலிக்கும் பொறியை ராஜர் லின் என்பார் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாற்றல் இன்று மாணவன் ஒவ்வொருவன் கணினியிலும் உளது. எவ்வடியையும் எங்கும் நகர்த்தலாம்; எவ்வோசைக்கும் பதிலாக எவ்வோசையையும் வைக்கலாம். அன்று பொறியின் இயலாமை முழவோனைப் புறத்தே நிறுத்தியது. இன்று பொறியின் பேராற்றல் அவனைப் புறத்தே நிறுத்துகின்றது. முன்னையது வேறு வழியின்மையால் நேர்ந்தது. பின்னையது நம் சோம்பலால் நேர்வது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதன்கண் ஓர் உவமை தானே தோன்றும். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் அச்சிட்டு உதவினார். செல்லரித்தும் சிதைந்தும் கிடந்த ஏடுகளில் சொல் மறைந்த இடங்கள் பல. அவ்விடங்களைத் தம் சொல்லால் நிரப்புதல் அப்பெரும்புலவர்க்கு அரிய செயலன்று. ஆயினும் அவர் அங்ஙனம் செய்திலர். பல ஏடுகளை ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டினார். ஆதலின் யாம் இன்று படிப்பது புறநானூற்றுப் புலவரையே. ஒலிப்பதிவு செய்வோனும் ஒருவகைப் பதிப்பாசிரியன், நூலாசிரியன் அல்லன். எழுதுவோன் கைப்பிழையை நீக்குதல் அவன் கடன். புலவன் சொல்லை மாற்றுதல் அவன் கடனன்று.

இங்குச் சிலர் தடை நிகழ்த்துவர். “பிழையற்ற இசைக்குப் பழகிவிட்ட செவிகள் இவை; நண்பனின் தடுமாற்றத்தை அப்படியே வைத்தால் உலகம் நகையாதோ? அவன் பெயரைக் காப்பதன்றோ நட்பு?” என்பர். இக்கூற்றை யாம் முற்றும் தள்ளவில்லை. குச்சி கைநழுவி விழுந்த இடத்தையோ, வாசித்தவரே “இஃது எனக்கு ஒவ்வாது” என்று ஒதுக்கிய அடியையோ, அவர் மறுமுறை வாசித்ததனின்று எடுத்து, அவர் இசைவு பெற்று மாற்றுதல் தக்கதே. அது ஏடு ஒப்பிடுதலை ஒக்கும். பொறியையே கருவியாகக் கொண்டு இயற்றும் இசையையும் யாம் பழித்தோமல்லோம். அது தன்னைப் பொறியென்றே கூறிக்கொண்டு வருதலின் அதன்கண் வஞ்சமில்லை. விலைக்கு விற்கும் பாட்டிற்கு அதற்குரிய முறை உண்டு. யாம் கூறுவது நண்பர்க்காக நண்பர் செய்யும் பதிவைப் பற்றியே. அன்றியும், திருத்தலாம் என்ற நம்பிக்கை உள்ளவிடத்து இருவகைக் கேடு விளைகின்றது: வாசிப்போன் ஒத்திகையில் ஊக்கங் குன்றுகின்றான், பதிவோன் கேட்டலில் ஊக்கங் குன்றுகின்றான். எம் முதற்பதிவில் இவ்விரண்டனுள் பின்னையது எம்முடைய குற்றமே.

ஆகலின் இரண்டாம் முறை பதிவு செய்ய ஐவரையும் வேண்டினோம். அவரும் மனமுவந்து இசைந்தனர். அதற்கு முன் ஒரு வாரம் படித்தும் கேட்டும் கற்றவற்றை, இத்துறையில் இறங்கும் மாணவர்க்குப் பயன்படுமாறு இங்குச் சுருக்கி உரைப்போம்.

முதலாவது, முழவைப் பண்படுத்தல். எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக முடுக்கி, ஒவ்வொரு திருகின் அருகிலும் முகத்தை மெல்லத் தட்டி, எங்கும் ஒரே சுருதி எழுமாறு செய்தோம். கிக்கினுள் ஒரு தலையணையை வைத்தோம். இவ்வளவிலேயே முதற்பதிவின் தகரவோசையிற் பெரும்பகுதி ஒழிந்தது.

இரண்டாவது, இடத்தைப் பண்படுத்தல். டிரம்ஸின் அடியில் தடித்த ஜமக்காளம் ஒன்றை விரித்தோம். விடுதி அறைகளிலுள்ள பஞ்சு மெத்தைகளைக் கொணர்ந்து சுவரோரம் சார்த்தினோம். மூலையினின்று விலக்கி வைத்தோம். மூலையில் தாழ்ந்த ஓசைகள் திரண்டு குழம்பும்.

மூன்றாவது, மைக்கைக் குறைத்தல். ஏழு மைக்கும் சேர்ந்து ஓசையை மெலிவித்த காரணம் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. ஓசை காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே, ஒரே ஸ்னேரின் ஓசை, ஒரு மைக்கைவிட 34 செண்டிமீட்டர் தொலைவில் உள்ள மற்றொரு மைக்கை, ஆயிரத்திலொரு பங்கு நொடி பிந்தியே சேரும். அவ்விரண்டையும் கூட்டுங்கால், நொடிக்கு 500 முறை அதிரும் ஓசை, ஒன்றில் மேடாகவும் மற்றொன்றிற் பள்ளமாகவும் நின்று தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஏழு மைக் இருப்பின் இத்தகைய அழிவு எத்துணை இடங்களில் நேரும் என்பதை எண்ணிக்கொள்க. ஆதலின் நான்கே வைத்தோம்: மேலே இரண்டு, கிக்கிற்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று. ஒரு நூலின் முனையை ஸ்னேரின் நடுவிற் பிடித்து, மேலுள்ள இரண்டும் அதனின்று ஒரே தொலைவில் நிற்குமாறு அளந்து நிறுத்தினோம். ஸ்னேருக்குரிய மைக்கின் ஓசையைத் தலைகீழாகப் புரட்டும் பொத்தானை அழுத்தியும் விடுத்தும் கேட்டு, எந்நிலையில் ஓசை நிறைந்து தோன்றியதோ அந்நிலையைக் கொண்டோம். நூலொன்றும் செவியிரண்டும் செய்த உதவி, முன்பு இரண்டு இரவு கண்விழித்துச் செய்த வேலையினும் பெரிதாயிற்று.

நான்காவது, அளவறிதல். மிக வலிய அடியும் எல்லைக்கு ஏறத்தாழ 10 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்தோம். கணினிப் பதிவில் எல்லை கடந்த ஓசை உடைந்துபோம்; உடைந்ததை முன்போல ஆக்குதல் அரிது. பின்னர் ஒவ்வொரு பாடலையும் மும்முறை வாசிக்கச் சொல்லி, எது வேண்டும் என்பதை அவர்களே தேர்ந்துகொள்ள விட்டோம். இரண்டாம் பாடலுக்குக் கிளிக்கை நிறுத்திவிட்டோம்.

ஐந்தாவது, மிக்ஸிங் என வழங்கும் ஒலிக்கலவை. மேலுள்ள இரண்டு மைக்குகளின் ஓசையையே முதலில் எழுப்பினோம். வாசிப்பின் முழுவடிவம் அவற்றிலே உளது. கிக்கும் ஸ்னேரும் துணையாக வேண்டிய அளவே சேர்ந்தன. கிக்கில் 400 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள பெட்டியோசையைச் சற்றுத் தணித்தோம். அடிகளின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரஸரைச் சிறிதே பயன்படுத்தினோம். மிகுதியாகப் பயன்படுத்தின் மெல்லடியும் வல்லடியும் மீண்டும் ஒன்றாகிவிடும். பேஸ் கிதாரும் கிக்கும் தாழ்ந்த சுருதியில் ஒன்றோடொன்று நெருக்குற்ற இடத்தில், ஒன்றைச் சிறிது விலகச் செய்து மற்றொன்றிற்கு வழிவிட்டோம். இரவிற் செய்ததைக் காலையிற் கேட்டோம். உரக்கக் கேட்டதைத் தாழ்த்தியும் கேட்டோம். முடிவு செய்யுமுன் வாசித்தவரை அருகே அமர்த்திக் கேட்பித்தோம். இவற்றுள் இறுதியிற் கூறியதே தலையாயது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், யாழாசிரியன், குழலோன் முதலியோரோடு ஒருங்கு வைத்துத் தண்ணுமை ஆசிரியன் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் வகுத்துள்ளார். உடன் ஒலிக்கும் கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும் வல்லவனாதல் அவ்விலக்கணங்களுள் ஒன்று என்பது உரையால் அறியப்படும். தாளத்தைத் தப்பாது எண்ணுதல் மட்டும் முழவோன் தொழிலாயின் அதற்குப் பொறியே போதும். உடன் வாசிப்போர் மூச்சையும் தளர்ச்சியையும் உணர்ந்து, விட்டும் பிடித்தும் அவரைத் தாங்குதலே அவன் கலை. அக்கலையைக் கட்டத்துள் அடைத்துத் திருத்தப் புகுவோன், யாம் திருத்தினாற்போல, கலையையே துடைத்துவிடுவான்.

எம் இரண்டாம் பதிவு குற்றமற்றதென்று யாம் சொல்லோம். மூன்றாம் பாடலின் இறுதியில் ஒரு குச்சி ஸ்னேரின் விளிம்பில் தவறிப் பட்ட ஓசை கேட்கும். நீக்கிவிடவா என்று வினவினோம். அண்ணன் சிரித்து, “இருக்கட்டும் தம்பி, அது நான்தான்” என்றார். இறுதியாண்டினர் மூவருள் அவரும் ஒருவர். இன்று கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். யாம் அப்பதிவைக் கேட்குந்தோறும், இரண்டாம் பாடலின் மூன்றாஞ் சரணத்திற்கு முன் அவர் தம் தோழர்க்காகக் காத்திருக்கின்றார்.

ஆகவே, நண்பர் இசையைப் பதிய முற்படும் மாணவ அன்பர்களே, கருவிகள் குறைவென்று வருந்தற்க. நான்கு மைக்கும், ஒரு நூலும், ஒரு ஜமக்காளமும், பொறுமையுள்ள செவியும் உளவாயின் அமையும். வாசிப்பிற்கு முன் எவ்வளவு வேண்டுமாயினும் உழைமின். வாசிப்பிற்குப் பின் கையை அடக்குமின். பதிவில் நும் திறமை தோன்றாதொழியினும், நும் நண்பர் தோன்றுவாராயின் நும் கடன் நிறைவேறிற்று என்பதே எம் துணிபு.